சாக்கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை

சென்ற இதழில் மழைநீரைச் சேமிக்கும் முறைகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேள்வியொன்று விடுத்திருக்கிறார். அவர் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதன் நிலத்தடி டாங்க் கசிந்து, சுற்றியுள்ள மண்ணும் நீரும் கெட்டுவிட்டன. அதனால் சில மாதங்களாக அங்கே ஆழ்துளைக் கிணறுகளை இறக்கி, நீரை இறைத்து, இரும்புத் தொட்டிகள் சிலவற்றின் வழியே செலுத்திப் பாதாளச் சாக்கடையில் விடுகிறார்களாம். "நீரைச் சுத்தம் செய்த பிறகே விடுகிறோம்; பரிசோதனை அறிக்கையும் இருக்கிறது என்கிறார்கள். பார்வைக்கு நீர் பளிங்குபோலத்தான் இருக்கிறது. ஆயினும் குழந்தைகள் இருக்கும் வீடு, மனம் ஒப்பவில்லை. நம்பலாமா?" என்று கேட்கிறார்.

இந்த 'நம்பலாமா' என்னும் ஒரு சொல்லுக்கு விடை கூறவே இம்மாதம் இப்பகுதியை ஒதுக்குகிறோம். நம் விடை இதுதான்: தொட்டிகள் இருக்கின்றன என்பதனால் மட்டும் நம்புதல் ஆகாது, அறிக்கை இருக்கிறது என்பதனால் மட்டும் நம்புதலும் ஆகாது. எந்தப் பொருளைத் தேடிச் சோதித்தார்கள், நீரை எவ்வாறு பிடித்தார்கள், எவ்விடத்தில் எப்பொழுது பிடித்தார்கள் ஆகிய மூன்றும் சரியாய் அமைந்தால் நம்பலாம்.

இது நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 2013ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் இறைத்த நீரில் எண்ணெய் கலந்து வந்தது. பூமிக்கடியில் சென்ற எரிபொருட் குழாயின் கசிவே காரணம் என்று கண்டார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுவரை சென்றது. அமெரிக்க நாட்டிலோ, நிலத்தடி எரிபொருள் டாங்குகளின் கசிவுகள் என்று உறுதிசெய்யப்பட்டவை மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். டாங்கும் குழாயும் மண்ணுக்குள் இருக்குமிடமெங்கும் இவ்வாபத்து உண்டு. பிழைப்பை நாடி வந்த ஊரில், கிடைத்த தெருவில் கிடைத்த வீட்டை வாடகைக்குப் பிடித்து வாழும் நம்மவர்க்கு, பக்கத்தில் என்ன புதைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

முதலில் மண்ணுக்குள் நிகழ்வதைக் காண்போம். பெட்ரோல் நீரினும் இலேசானது. ஆகவே கசிந்த பெட்ரோல் மண்ணினூடே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் ஏடுபோல் மிதந்து பரவுகிறது. மிதக்கும் பகுதியைக் கண்ணாற் காணலாம்; மூக்காலும் அறியலாம். ஆனால் அதன் ஒரு பகுதி நீரிற் கரைந்துவிடுகிறது. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்னும் நான்கு பொருள்கள் இவ்வாறு கரைவனவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பென்சீன் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று ஐயமற நிறுவப்பட்டது. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டு வரம்பு. அமெரிக்க வரம்பு 5 மைக்ரோகிராம்.

மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் சிறுமை விளங்கும். ஒரு துளி பென்சீனின் எடை ஏறத்தாழ 44 மில்லிகிராம். அந்த ஒரு துளி கரைந்தால் 4,400 லிட்டர் நீர், அதாவது சிறியதொரு தண்ணீர் லாரி முழுவதும், மேற்சொன்ன 10 மைக்ரோகிராம் வரம்பை எட்டிவிடும். நிறம் மாறாது, எண்ணெய்ப் படலம் தோன்றாது. நம் அன்பர் கண்ட பளிங்கு நீரிலும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

"சாக்கடை நீரை எவரும் குடிப்பதில்லையே, அதற்கு ஏன் இத்தனை கண்டிப்பு?" என்று கேட்போர் உண்டு. சாக்கடை நீருக்குக் குடிநீர் வரம்பை எவரும் விதிப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் எரிபொருள் சாக்கடைக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை உலகம் இருமுறை பெருவிலை கொடுத்துக் கற்றது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் விடியற்காலையில், தெருவே வெடித்துப் பிளந்தது. சோயா எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றிலிருந்து ஹெக்சேன் என்னும் கரைப்பான் சாக்கடையிற் கலந்து ஆவியாகி நிறைந்திருந்தது. மேலே சென்ற காரின் தீப்பொறி போதுமானதாயிற்று. இரண்டு மைலுக்கும் மேற்பட்ட தெருக்கள் பாழாயின. விடியுமுன் நிகழ்ந்ததால் உயிர்கள் தப்பின.

மெக்சிகோ நாட்டின் குவாதலஹாரா நகரத்தார்க்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அங்கே பெட்ரோல் கொண்டுசென்ற எஃகுக் குழாயின் அருகே நீர்க்குழாய் ஒன்று அமைந்திருந்தது. இரு வேறு உலோகங்கள் ஈரமண்ணில் நெருங்கியிருந்தமையால் அரிப்பு உண்டாகி எஃகுக் குழாயில் ஓட்டை விழுந்தது. பெட்ரோல் மண்ணிற் கசிந்து சாக்கடையை அடைந்தது. நகர ரயிற்பாதைக்கு வழிவிட வேண்டி அந்தச் சாக்கடையை ஓரிடத்தில் தாழ வளைத்துக் கட்டியிருந்தார்கள். வளைவில் நீர் கடந்து சென்றது. ஆவி கடக்க இயலாமல் பின்னே தேங்கியது. குழாயிலும் சாக்கடையிலும் பெட்ரோல் நாற்றம் வீசுவதாக மக்கள் சில நாள் முன்னரே முறையிட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மக்களை வெளியேற்றவில்லை. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காலை பத்து மணியளவில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாய் மேலும் பல தொடர்ந்தன. எட்டுக் கிலோமீட்டர் நீளத் தெருக்கள் பெயர்ந்தன. அரசுக் கணக்கின்படியே 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும். மூடிய சாக்கடைக்குள் அவ்வளவு சேர்வது அரிதன்று. ஆதலின் அமெரிக்க அரசு 1990ஆம் ஆண்டு விதியைத் திருத்தி, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த சூட்டில் தீப்பற்றும் கழிவை எவரும் பொதுச் சாக்கடையில் விடலாகாது என்று வகுத்தது.

தீயைத் தவிர வேறு தீங்கும் உண்டு. சாக்கடையின் அடைப்பை நீக்க இறங்குபவர் அந்த ஆவியைத்தான் சுவாசிக்கிறார். விரிசல் விட்ட சாக்கடைக் குழாயிலிருந்து நீர் மண்ணிற் கசிகிறது. நம் நகரங்களிற் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. குழாய் காலியாகும் வேளையில் சுற்றியுள்ள அழுக்கை அது உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே சாக்கடைக்குப் போவது சாக்கடையோடு முடிந்துவிடுவதில்லை.

இனி அந்த இரும்புத் தொட்டிகளின் வேலையைப் பார்ப்போம். கிணற்றிலிருந்து ஏறும் நீர் முதலில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிக்குச் செல்லும். அங்கே அசைவற்று நின்றால் எண்ணெய் மேலே மிதக்கும், அதை வழித்தெடுப்பார்கள். அடுத்து வண்டலை வடிகட்டுவார்கள். அதன்பின் பல இடங்களில் உயர்ந்த கோபுரம் ஒன்று இருக்கும். அதிலே நீர் மேலிருந்து தூறலாய் விழ, கீழிருந்து காற்று எதிரேறும். பென்சீன் முதலியன நீரை விட்டுக் காற்றோடு போய்விடும். அந்தக் காற்றையும் வடிகட்டாமல் விட்டால், நீரின் அழுக்கை அக்கம்பக்கத்தார் மூச்சுக்கு மாற்றியதாகவே முடியும்.

இறுதியாக வருவது கரித்தொட்டி. ஆக்டிவேட்டட் கார்பன் என்று வழங்கும் கிளர்வூட்டிய கரி அதில் நிரம்பியிருக்கும். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை விரித்துப் பரப்பினால் 500 சதுர மீட்டருக்கும் மேற்படும். அப்பரப்பிலே பென்சீன் ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கொட்டாங்கச்சியே இக்கரிக்கு ஒரு சிறந்த மூலப்பொருள். கொங்கு நாட்டில் கொட்டாங்கச்சியைச் சுட்டு இக்கரியைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். அம்மா தேங்காய் துருவிவிட்டு எறிந்த ஓடு எங்கோ ஓர் ஊரின் நிலத்தடி நீரைத் தூய்மை செய்துகொண்டிருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

ஆனால் கரிக்கும் வயிறு உண்டு, அது நிரம்பிவிடும். நிரம்பிய பின் வந்த அழுக்கு வந்தபடியே வெளியேறும். பம்பு ஓடும், மீட்டர் சுழலும், நீர் தெளிவாய் விழும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு யாதொரு மாற்றமும் தெரியாது. பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரில் இரும்பும் கரைந்திருப்பது வழக்கம். காற்றுப் பட்டதும் அது துருவாய்ப் படிந்து கோபுரத்தையும் கரியையும் அடைத்துவிடும். ஆகவே தொட்டி நேற்று வேலை செய்தது என்பது இன்று வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. சான்று சோதனை ஒன்றே.

இப்பொழுது மூன்று கேள்விகளில் முதலாவதற்கு வருவோம். எந்தப் பொருளைத் தேடினார்கள்? 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அட்டவணையின்படி, பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆற்றிலோ ஏரியிலோ விடுவதானால் 10 மில்லிகிராம். சாக்கடையின் முடிவிலே சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் என்னும் கருத்தினால் இந்தத் தளர்வு. பென்சீனுக்கென்று அந்தப் பொது அட்டவணையில் தனி வரம்பு இல்லை.

இங்கேதான் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். எண்ணெய்-பிசுக்குச் சோதனை செய்யும் முறை என்ன? நீரோடு ஒரு கரைப்பானைக் கலந்து குலுக்கி எண்ணெயை அதிற் பிரித்தெடுப்பார்கள். பின்பு அக்கரைப்பானைச் சூட்டில் ஆவியாக்கிவிட்டு, எஞ்சி நிற்கும் பிசுக்கை நிறுப்பார்கள். சமையலறைக் கொழுப்புக்கும் மசகெண்ணெய்க்கும் இது நல்ல முறை. பென்சீனோ எளிதில் ஆவியாவது. பெட்ரோலின் பெரும்பகுதியும் அத்தகையதே. கரைப்பான் பறக்கும்போது அவையும் உடன் பறந்துவிடும். தராசில் நிற்பது ஒன்றுமிராது. 'எண்ணெய்-பிசுக்கு: வரம்புக்குள்' என்று அறிக்கை கூறும். அது பொய்யன்று. கேளாத கேள்விக்கு அது விடை சொல்லவில்லை, அவ்வளவே. பெட்ரோல் கலந்த நீருக்கு வேண்டிய சோதனை, பென்சீன் முதலிய நான்கையும் தனித்தனியே பிரித்தளக்கும் வாயு நிறப்பிரிகைச் சோதனையாகும். கேஸ் குரோமட்டோகிராப் என்று சோதனைக்கூடத்தார் அதனைக் கூறுவர்.

இரண்டாவது கேள்வி: நீரை எவ்வாறு பிடித்தார்கள்? வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலிற் பிடித்து, வெயிலில் வைத்து, மறுநாள் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் வழியிலேயே பென்சீன் போய்விடும். முறைப்படி பிடிப்பவர் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியைக் கொணர்வார். குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பின் நீரைச் சலசலப்பின்றி மெல்லிய தாரையாய் விடுவார். குப்பியின் விளிம்பிலே நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, காற்றுக்கு இடமின்றி மூடுவார். பின் தலைகீழாய்க் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். ஒரு குமிழி தோன்றினாலும் அக்குப்பியைத் தள்ளிவிட்டு வேறொன்றை நிரப்புவார். ஏனெனில் அக்குமிழிக்குள் பென்சீன் குடிபெயர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் பென்சீனை உண்டுவிடாதிருக்கக் குப்பியிற் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் முன்னமே இட்டிருக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி அளவிலே வைத்து அனுப்ப வேண்டும். 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சோதனைக்கூடத்திலேயே தூய நீர் நிரப்பிய குப்பி ஒன்றும் அப்பெட்டியில் உடன் சென்று உடன் திரும்பும். அதை எவரும் திறப்பதில்லை. அதிலும் பென்சீன் தோன்றுமாயின், அது வழியில் வந்த கறை என்று அறியலாம். மாதிரி எடுக்கச் செல்பவர் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அதே கையோடு குப்பியைத் தொடலாகாது என்பதும் இத்தொழிலில் உள்ள கட்டுப்பாடு. குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் மாறியது என்று கையெழுத்துடன் ஒரு சீட்டும் உடன் செல்லும். இத்தனையும் வீண் ஆசாரம் அல்ல. இவற்றுள் ஒன்று தவறினாலும் எண் குறைந்தோ கூடியோ வரும். பெரும்பாலும் குறைந்தே வரும். குறைந்த எண்ணை ஐயுறுவார் சிலரே.

மூன்றாவது கேள்வி: எங்கே, எப்பொழுது பிடித்தார்கள்? கரித்தொட்டிகளை இரண்டிரண்டாய் அடுத்தடுத்து வைப்பது நல்ல வழக்கம். உள்ளே வரும் நீரில் ஒரு மாதிரி, இரு தொட்டிகளுக்கும் இடையே ஒன்று, சாக்கடைக்குள் விழுமுன் ஒன்று என மூன்று இடங்களிற் பிடிக்க வேண்டும். இவற்றுள் இடையிலே பிடிப்பதே காவல். அங்கே பென்சீன் தலைகாட்டினால் முதல் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். இரண்டாவது தொட்டி இன்னும் காத்துக்கொண்டிருக்கும்போதே முதலாவதன் கரியை மாற்றிவிடலாம். இறுதி மாதிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், அழுக்கு வெளியேறிய பிறகே அதனை அறிவார்.

தொடக்க நாட்களில் அடிக்கடி சோதிக்க வேண்டும். முதலில் இறைத்த நீரைச் சாக்கடையில் விடாமல் பெரிய டாங்கிலே தேக்கிவைத்து, முடிவு வந்தபின் விடுவது நன்முறை. பின்னர் மாதந்தோறும் சோதித்தல் வழக்கம். அழுக்கு நீரோடு நல்ல நீரைக் கலந்து வரம்புக்குள் கொணர்வது சோதனையை ஏய்ப்பதே ஆகும். எத்தனை லிட்டர் வெளியேறிற்று என்னும் மீட்டர்க் கணக்கும் அறிக்கையோடு இருந்தால் இந்த ஏய்ப்பு எளிதில் வெளிப்படும். 'காணப்படவில்லை' என்று அறிக்கை கூறுமிடத்து, எந்த அளவுக்குக் கீழே காண இயலாது என்பதும் அருகில் எழுதியிருக்க வேண்டும். மங்கிய கண்ணாடியை அணிந்தவர் 'காணவில்லை' என்பதற்கும், தெளிந்த கண்ணர் 'காணவில்லை' என்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, இத்தகைய கழிவைச் சாக்கடையில் விடுவதற்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். இசைவு தரும்போது இன்ன பொருளை இத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று வாரியம் நிபந்தனை விதிக்கலாம். வாரியத்தார் தாமே வந்து மாதிரி எடுக்கும்போது, இடத்துக்கு உரியவர் முன்னிலையில் அதை இரண்டாகப் பகுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. புதிய பெட்ரோல் பங்குகள் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் அமையலாகாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வழிகாட்டியது. இடநெருக்கடி உள்ளவிடத்தும் 30 மீட்டருக்குக் குறைதல் ஆகாது.

எனவே நம் அன்பர்க்கு நாம் கூறுவது: தனியே சென்று வாதிட வேண்டாம். கட்டடத்தார் நால்வர் சேர்ந்து பங்குக்காரரிடம் பணிவாகவே கேளுங்கள். பென்சீன் முதலிய நான்குக்கும் தனித்தனி எண் உண்டா? இரு கரித்தொட்டிகளுக்கு இடையே மாதிரி எடுக்கிறீர்களா? கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தீர்கள். எந்தத் தேதியிற் சோதித்தார்கள்? முறையாக நடத்துபவர் இதற்குச் சினங்கொள்ளமாட்டார். தாளை எடுத்து முன்னே வைப்பார். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாரியத்துக்கு எழுதி, இசைவு ஆணையின் நகலையும் சோதனை அறிக்கைகளின் நகலையும் கேட்கலாம். இந்தியில் எழுதலாம்; ஆங்கிலத்திலும் எழுதலாம்; அவ்வூரின் ஆட்சிமொழியிலும் எழுதலாம். எழுதித் தரத் துணை வேண்டுவோர்க்கு நம் சங்கத்தில் அன்பர்கள் உளர்.

இதனிடையே வீட்டுச் சாக்கடை வாயிலோ குளியலறையிலோ பெட்ரோல் நாற்றம் வீசினால் அறிக்கைக்காகக் காத்திராதீர்கள். தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அடுப்பை ஏற்ற வேண்டாம். மின்சார விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியேறி, வெளியே நின்று தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த நாற்றம் வந்தால் குடிப்பதும் சமைப்பதும் ஆகா. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தவறு. காய்ச்சும்போது அது சமையலறைக் காற்றிலேதான் வந்து நிற்கும்.

இன்னும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடுக்கிறது. ஆயினும் இறக்குகிறார்கள். மாள்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் பணித்தது. அப்படி இறங்குபவர் கையில் சோதனை அறிக்கை இராது. அதைக் கேட்கும் வாய்ப்பும் அவர்க்கு இல்லை. தெருமுனையில் வாழும் நாம் கேட்டால், அவர்க்கும் சேர்த்தே கேட்டதாகும். அன்பர் கேட்டு, கிடைத்த விடையை நமக்கு எழுதுவாராக. அடுத்த இதழில் வெளியிடுவோம்.